வீட்டு நீச்சல் குளத்தின் பழைய டைல்ஸைப் பெயர்த்துப் புதுப்பிக்கும் முறை

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு வரை, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீட்டு நீச்சல் குளங்களில் நேரும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். டைல்ஸுக்கு இடையிலுள்ள க்ரௌட் கரைந்து இடுக்குகள் வாய் திறந்திருக்கும். மொசைக் சில்லுகள் கையோடு பெயர்ந்து வரும். தரையில் துருக்கறை படரும், தண்ணீர் மட்டம் காரணம் தெரியாமல் இறங்கும். இந்த நிலையில் நேராக டைல்ஸ் கடைக்குப் போவது பயனற்றது. பழைய டைல் ஏன் பெயர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் ஒட்டப்படும் புதிய டைலும் அதே காரணத்தால் பெயர்ந்துவிடும்.

ஆகவே குளம் நிறைந்திருக்கும்போதே சோதனையைத் தொடங்க வேண்டும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்து நீருக்குள் இருக்கும் படியில் வைத்து, வாளிக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் வாளியின் உள்ளும் புறமும் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலில் ஆவியானது. குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. இதே சோதனையை மோட்டார் ஓடும்போது ஒருமுறையும் நிறுத்திவிட்டு ஒருமுறையும் செய்தால், ஓடும்போது மட்டும் அதிகம் இறங்குவது குழாயில் உள்ள பழுதையே பெரும்பாலும் காட்டும். மட்டம் குறிப்பிட்ட ஓர் உயரத்தில் வந்து நின்றுவிட்டால், அந்த உயரத்தில் இருக்கும் விளக்குப் பெட்டியையோ நீர் திரும்பி வரும் துளையையோ முதலில் சந்தேகியுங்கள். என் அனுபவத்தில், சுவரின் நடுவில் ஏற்படும் விரிசலைவிடக் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து வரும் இடங்களில்தான் கசிவு அதிகம்.

தண்ணீரின் குணத்தையும் இப்போதே பாருங்கள். பி.எச். எனப்படும் அமில-காரத் தன்மையின் அளவு 7.2 முதல் 7.8 வரையும், கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரையும் இருப்பது நல்லது. டி.சி.சி.ஏ. குளோரின் மாத்திரை அமிலத் தன்மை உடையது. பி.எச்.சை அளக்காமல் அதையே ஆண்டுக்கணக்கில் போட்டுவந்த குளத்தில், தண்ணீர் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சிமெண்ட் க்ரௌட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் குளத்தின் க்ரௌட் சீராக எல்லா இடத்திலும் அரித்திருந்தால், கொத்தனாரைக் குறை சொல்வதற்கு முன் இந்த வழக்கத்தை ஆராயுங்கள்.

அடுத்து வருவது இந்த வேலையிலேயே மிக ஆபத்தான முடிவு: குளத்தை எப்போது காலி செய்வது? 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட, விளிம்பு தரை மட்டத்தில் அமைந்த ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 20 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் என்றால் அந்தத் தொட்டியின் எடை ஏறத்தாழ 33 டன். அதில் நிற்கும் தண்ணீர் 38 டன். தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறி நின்றால், அது ஏறத்தாழ 52 டன் விசையுடன் தொட்டியை மேல்நோக்கித் தள்ளும். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. காலி செய்துவிட்டால் 33 டன் தொட்டி படகைப்போல மிதக்கத் தொடங்கும். மண்ணின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நிலத்தடி நீர் தரைக்கு அரை மீட்டர் கீழே நின்றாலே இந்த நிலை வந்துவிடும். மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் மண்ணின் பிடிப்பை நம்பிக் காலி செய்வது அறிவுடைமை ஆகாது. தொட்டி ஒரு முனையில் சில அங்குலம் எழும்பினாலும் குழாய்கள் முறிந்து, தரை பிளந்து, புதுப்பிக்கும் வேலை புதிதாகக் கட்டும் வேலையாகிவிடும்.

எனவே வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், அதன் ஈரம் வடியும் தை மாதத்திலும் குளத்தைக் காலி செய்யாதீர்கள். மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. சித்திரை கத்திரி வெயிலில் பசைக்கலவை ஒட்டும் முன்பே காய்ந்துவிடும். காலி செய்வதற்கு முன், வீட்டுக் கிணற்றிலோ அருகில் துளையிட்ட ஒரு சோதனைக் குழியிலோ நீர்மட்டத்தை அளந்து, அது குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே இருப்பதை உறுதி செய்யுங்கள். அடித்தளத்தில் நிலத்தடி நீரை உள்ளே விடும் வால்வு இருந்தால் அது அடைபடாமல் இயங்குகிறதா என்று பாருங்கள்.

குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் அளவு பூஜ்யத்துக்கு வந்தபின் தண்ணீரை வெளியேற்றுங்கள். மின் இணைப்பை முதலில் துண்டித்துவிட வேண்டும். காலியான குளம், நிறைந்த குளத்தைவிடக் குழந்தைகளுக்குக் குறைந்த ஆபத்துடையதல்ல. வேலி போடாமல் ஒரு நாளும் விடாதீர்கள். இடையில் மழை பெய்து தேங்கினால் அன்றே இறைத்துவிடுங்கள், இல்லையேல் கொசு பெருகும்.

காலியான குளத்தில் கொட்டாப்புளியால் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான சத்தம் வரும் இடத்தில் டைல் பிடித்திருக்கிறது; கூடாக ஒலிக்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒட்டுவேலை போதும். சுவரில் பாதிக்கு மேல் கூடாக ஒலித்தால், முழுவதையும் பெயர்ப்பதுதான் சிக்கனம். பழைய டைல் மேலேயே புதிய டைலை ஒட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் புதிய பரப்பின் பலம் அடியிலுள்ள பழைய பசையின் பலத்துக்கு மேல் போகாது என்பதால், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டைல்ஸையும் தளர்ந்த காரையையும் கான்கிரீட் வரை கொத்தி எடுக்க வேண்டும். கொத்துபவர்கள் சிமெண்ட் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிவதை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள். கறையை நீக்க ஆசிட் பயன்படுத்தினால், தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. குளோரின் மருந்து கிடந்த வாளியில் அதைக் கலக்கவே கூடாது. அவ்வாறு கலந்தால் எழும் குளோரின் வாயு காற்றைவிடக் கனமானது. குளத்தின் ஆழமான பகுதியில் தங்கி, அங்கே குனிந்து வேலை செய்பவரின் உயிருக்கே உலை வைக்கும்.

துருக்கறை தெரிந்த இடங்களில் கம்பி தெரியும்வரை மட்டுமல்ல, கம்பிக்குப் பின்னாலும் இரண்டு செ.மீ. கொத்தி, கம்பியைப் பளிச்சிடும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த பழுதுநீக்கும் காரையால் நிரப்ப வேண்டும். கடற்காற்றின் உப்பு உள்ளே போய்க் கம்பி மெலிந்திருந்தால் அதைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். விரிசல்களை வி வடிவில் அகலப்படுத்திச் சுருங்காத காரையால் அடைக்கலாம். ஆனால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும் விரிசல் தொட்டி அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம், அதை அடைத்து மறைப்பது தீர்வல்ல. குழாய்த் துளைகளைச் சுற்றிக் கொத்தி, தண்ணீர் பட்டால் வீங்கி அடைக்கும் பட்டையையும் சுருங்காத காரையையும் வைத்து மூடுங்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது, கடற்கரை வீடுகளில் தண்ணீர் உள்ளிருந்து மட்டுமின்றி வெளியிலிருந்தும் அழுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். மெல்லிய படலமாக நிற்கும் பெயிண்ட் வகைகள் வெளி அழுத்தத்தில் கொப்புளித்துப் பெயரும். கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் படிகமாக வளரும் சிமெண்ட் வகைப் பூச்சு அந்த அழுத்தத்தைத் தாங்கும். முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் இரண்டாவது கோட்டை அடித்து, ஈரம் காயாமல் நீராற்றி, பின்பு குளத்தை நிரப்பி ஒரு வாரம் மட்டத்தைக் கவனியுங்கள். தண்ணீர்ச் செலவை எண்ணி இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொன்னால் இணங்காதீர்கள். டைல் ஒட்டியபின் கசிவைத் தேடுவது பல மடங்கு செலவு. சோதனை நீரை இறைக்கும் முன் கிணற்று நீர்மட்டத்தை மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக் குளத்தின் உட்பரப்பு ஏறத்தாழ 61 சதுர மீட்டர், அதாவது 655 சதுர அடி. வெட்டும் சேதத்துக்குப் பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தயாரிப்புத் தொகுதியில் டைல் வாங்குங்கள். கண்ணாடி மொசைக் வாங்கினால், பின்புறம் வலையில் ஒட்டியதைவிட முன்புறம் காகிதம் ஒட்டியது குளத்துக்கு நல்லது. வலையின் பசை தண்ணீரில் ஊறித் தளரக்கூடும். நிறத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருநீலமும் கருப்பும் படத்தில் அழகாகத் தோன்றும். ஆனால் அடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பிள்ளையைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவை மறைத்துவிடும். தரைக்கு வெளிர் நிறத்தையும், படிகளின் விளிம்புக்கு மட்டும் அடர்ந்த நிறத்தையும் தேர்ந்தெடுங்கள்.

வெறும் சிமெண்ட் பாலுக்குப் பதிலாகப் பாலிமர் கலந்த வெள்ளைப் பசையைப் பற்கள் கொண்ட கரணையால் பரப்பி, பின்னால் காற்றிடம் இல்லாதபடி டைலை அழுத்திப் பதிக்க வேண்டும். மூலைகளிலும், குளத்து விளிம்பு சுற்றுத்தளத்தைச் சந்திக்கும் கோட்டிலும் க்ரௌட் போடாமல் நெகிழும் சீலண்ட் நிரப்பினால், வெயிலில் விரியும்போது டைல் எகிறாது. மற்ற இடுக்குகளுக்கு எபாக்சி என்ற பிசினால் ஆன க்ரௌட் விலை கூடுதல். எனினும் அமிலத்தால் அரிபடாத அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்து, பரப்பில் படிந்ததை உடனே துடைக்க வேண்டும். அடியிலுள்ள வடிகால் மூடிகளையும் இப்போதே புதிதாக மாற்றுங்கள். உடைந்த மூடி வழியாக உறிஞ்சும் விசை முடியையோ கையையோ பிடித்து இழுத்துவிடும்.

பசையும் க்ரௌட்டும் உறையில் குறிப்பிட்ட நாள்வரை முழுதாக இறுகியபின், நாளொன்றுக்கு முக்கால் மீட்டருக்கு மேற்படாமல் தண்ணீரை ஏற்றுங்கள். 12,000 லிட்டர் லாரியில் மூன்று நடைக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். லாரிக் குழாயைத் தரையில் நேராகப் பாயவிடாமல் சாக்கின் மேல் விழச் செய்யுங்கள். கிணற்று நீர் என்றால் இரும்பின் அளவை முன்கூட்டியே சோதியுங்கள். இரும்புள்ள நீரில் குளோரினைப் போட்டதும் புதிய டைல் பழுப்பேறும். முதல் மாதம் முழுவதும் வாரம் இருமுறை பி.எச்.சையும் கடினத்தன்மையையும் அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி மோட்டார் அறையிலேயே தொங்கவிடுங்கள்.