‘கேன்வாஸ்’ என்று எழுதியிருந்தால் எப்படிப் பொருள் கொள்வது? ஆரம்பநிலை வாசகர்களுக்கு ஒரு செய்முறை

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் ஆங்கிலச் சொல் ‘கேன்வாஸ்’. ‘காலையிலேயே கேன்வாஸ் கிளம்பிட்டாங்க’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே சொல் அரசு வேலை அறிவிப்பிலும் அமெரிக்கத் தேர்தல் செய்தியிலும் வரும். அங்கேயும் ‘ஓட்டுக் கேட்பது’ என்றே எடுத்துக்கொண்டால் சொன்ன விஷயமே மாறிப்போகும். ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கத் தொடங்கியிருப்பவர்களும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் கீழே உள்ள வரிசையில் பழகுங்கள்.

படி 1: எழுத்தைப் பாருங்கள்

கடைசியில் ஒரே ஒரு ‘எஸ்’ இருந்தால் அது துணி: ஓவியர் வரைவது, கூடாரம் தைப்பது. இரண்டு ‘எஸ்’ இருந்தால் நாம் இங்கே பார்க்கும் சொல்; வினையாகவும் வரும், பெயராகவும் வரும். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், ‘கேன்வஸ்’. நாம் நீட்டிச் சொல்லும் ‘வா’ ஆங்கிலத்தில் கிடையாது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் ஒருவரைக் கித்தான் துணியில் போட்டுத் தூக்கித் தூக்கி எறிவதை இந்த வினை குறித்தது. பிறகு ஒரு விஷயத்தைப் புரட்டிப் புரட்டி அலசுவதற்கும், அதன் பின் ஆதரவு திரட்டுவதற்கும் வந்து சேர்ந்தது.

படி 2: ‘யாரை’, ‘யாருக்காக’ என்று பிரியுங்கள்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இந்த வினைக்குச் செயப்படுபொருள் வாக்காளர் அல்லது தெரு, வேட்பாளர் அல்ல. ‘தே கேன்வஸ்ட் தி ஹோல் ஸ்ட்ரீட்’ என்றால் தெரு முழுக்க ஓட்டுக் கேட்டார்கள். வேட்பாளரைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ‘ஃபார்’ கட்டாயம்: ‘தே கேன்வஸ்ட் ஃபார் ஹர்’, அவருக்காக ஓட்டுக் கேட்டார்கள். அந்த ‘ஃபார்’ விடுபட்டால் அவரிடமே போய் ஓட்டுக் கேட்டதாகிவிடும்.

படி 3: செய்வது யார் என்று கேளுங்கள்

கட்சிக்காரர் செய்தால் வாக்கு சேகரிப்பு. போலீஸ் செய்தால், சம்பவம் நடந்த பகுதியில் வீடு வீடாகச் சாட்சி தேடுவது. பிரிட்டனில் ‘ஆனுவல் கேன்வஸ்’ என்பது வாக்காளர் பட்டியலைச் சரிசெய்ய அதிகாரிகள் ஆண்டுதோறும் வீடுகளில் விவரம் கேட்பது. அதில் கட்சிக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவில்தான் பெரிய திருப்பம். அங்கே தேர்தல் அதிகாரிகள் செய்யும் ‘கேன்வஸ்’, ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு எண்ணிக்கையைச் சரிபார்த்து உறுதி செய்யும் வேலை. 2020 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் வேய்ன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வாக்குகளைச் சரிபார்க்கும் நால்வர் குழுவான ‘போர்டு ஆஃப் கேன்வசர்ஸ்’ முதலில் 2-2 என்று பிளந்து நின்றது. அந்த நால்வரில் இரு கட்சிக்கும் இருவர். அன்றே மறுபடி வாக்களித்து முடிவைச் சான்றளித்தார்கள். அவர்களை ‘பிரச்சாரக் குழு’ என்று மொழிபெயர்த்தால் அந்தச் செய்தியில் ஒன்றுமே விளங்காது.

படி 4: வேலை அறிவிப்பைப் படியுங்கள்

‘கேன்வசிங் இன் எனி ஃபார்ம் வில் பி எ டிஸ்குவாலிஃபிகேஷன்’. நம் நாட்டு வேலை அறிவிப்புகளின் கடைசிப் பகுதியில் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். ‘பிரச்சாரம் செய்யக் கூடாது’ என்று படித்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கடந்துபோகிற பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இதன் பொருள், எந்த வகையில் சிபாரிசு பிடித்தாலும் தகுதி இழப்பீர்கள் என்பது. தெரிந்தவரை விட்டுத் தேர்வுக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வதும் இதில் அடங்கும். வீட்டில் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். நல்லெண்ணத்தில் போன் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

படி 5: பக்கத்துச் சொற்களோடு குழப்ப வேண்டாம்

‘கேம்பெய்ன்’ என்பது பொதுக்கூட்டம், விளம்பரம் எல்லாம் சேர்ந்த மொத்தப் பிரச்சாரம். அதில் ஆளை நேரில் பார்த்தோ போனில் பேசியோ கேட்கும் பகுதி மட்டுமே ‘கேன்வஸ்’. ‘லாபி’ செய்வது வாக்காளரிடம் அல்ல. அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் போன்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம். நம் சட்டத்திலும் இந்தச் சொல் இருக்கிறது: வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் ‘கேன்வசிங்’ கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு.

படி 6: மூன்று வாக்கியங்களில் பழகுங்கள்

‘தி ஐடியா வாஸ் வைட்லி கேன்வஸ்ட்’: அந்த யோசனை பரவலாக விவாதிக்கப்பட்டது.

‘தி கவுண்டி ஹேஸ் கம்ப்ளீட்டட் இட்ஸ் கேன்வஸ்’: கவுண்டி நிர்வாகம் வாக்குச் சரிபார்ப்பை முடித்துவிட்டது.

‘ஷீ கேன்வஸ்ட் ஹர் காலீக்ஸ்’: சக ஊழியர்களிடம் கருத்துக் கேட்டார் என்றும் கொள்ளலாம், ஆதரவு கேட்டார் என்றும் கொள்ளலாம். இந்த வரியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சங்கத் தேர்தல் பற்றிய செய்தியா, அலுவலக நேர மாற்றம் பற்றிய செய்தியா என்று முன்பின் வரிகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.