தோல் நிறம் பற்றிய மனப்பாங்குகளை ஆய்வு செய்வது எப்படி? கொழும்பு மாணவர்களுக்கான ஒரு வழிகாட்டி

தோல் நிறம் குறித்துச் செயற்றிட்டம் செய்ய முன்வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொள்ளும் கேள்வி, "எமது சமூகம் வெள்ளை நிறத்தை விரும்புகிறதா?" என்பதாகும். இதற்கு விடை காண ஆய்வு தேவையில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையொன்றின் கிறீம் வரிசையைப் பார்த்தாலே போதும். அந்த விருப்பம் எந்தச் சந்தர்ப்பத்தில், யாருடைய வாயால், யாரைக் குறித்து, என்ன விளைவோடு வெளிப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது. எனவே கேள்வியைச் சுருக்குவதுதான் முதல் வேலை. தமிழ்ப் பத்திரிகைகளின் திருமண விளம்பரங்களில் நிறம் குறிப்பிடப்படும் விதம் நாற்பது ஆண்டுகளில் மாறியுள்ளதா, வெயிலில் கறுத்துவிடும் என்ற அச்சம் மாணவிகளின் விளையாட்டுப் பயிற்சியைப் பாதிக்கிறதா என்பன போன்ற கேள்விகளை ஒரு தவணைக்குள் செய்து முடிக்கலாம்.

உயிரியலுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். தோலின் நிறத்தை மெலனின் என்னும் நிறமி தீர்மானிப்பதையும், புறஊதாக் கதிர்களின் அளவுக்கேற்ப மனிதக் கூட்டங்களின் நிறம் நெடுங்காலத்தில் வேறுபட்டதையும் சொன்னால் போதும். 2005இல் வரிக்குதிரை மீனை வைத்து நடந்த ஆய்வொன்றின் மூலம், நிறத்தைப் பாதிக்கும் முக்கிய மரபணு ஒன்று அடையாளம் காணப்பட்டது. அதன் வெளிர்நிற வடிவம் இலங்கையில் சிங்களவர், தமிழர் ஆகிய இரு தரப்பினரிடமும் காணப்படுவதாகப் பின்னர் தெரியவந்தது. ஒருவரின் நிறத்தைக் கொண்டு அவருடைய இனத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புவோர் இன்னும் இருப்பதால், இந்தத் தகவலுக்கு உங்கள் அறிக்கையில் இடமுண்டு.

மாணவர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய தரவுகளுள் மிகச் சிறந்தவை திருமண விளம்பரங்கள் என்பது என் கருத்து. அவற்றை எழுதியவர்கள் ஆய்வாளருக்கு நல்ல முகம் காட்ட எழுதவில்லை. பணம் கொடுத்து, சொற்களை எண்ணி எழுதினார்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கப்பட்டவை என்பதால் நீண்ட கால ஒப்பீட்டுக்கும் வாய்ப்புண்டு. பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம். பாடசாலை அல்லது பல்கலைக்கழகத்தின் கடிதத்துடன் சென்றால் அலைச்சல் குறையும். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' தளமும் துணை நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் உதவும்.

கண்ணில் பட்ட விளம்பரங்களைப் பொறுக்கி எடுக்கக்கூடாது. 1985, 2005, 2025 என ஆண்டுகளை முன்கூட்டியே தீர்மானித்து, ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறு இதழிலும் உள்ள எல்லா விளம்பரங்களையும் பதியுங்கள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத விளம்பரத்தையும் எண்ண வேண்டும்; அதை விட்டுவிட்டால் விகிதம் என்று எதையும் கணக்கிட முடியாது. சொல்லப்படும் நிறம் விளம்பரதாரர் தரப்பினுடையதா, எதிர்பார்க்கப்படுவதா என்பதையும், அது மணமகளுக்கா மணமகனுக்கா என்பதையும் தனித்தனி நிரல்களில் குறியுங்கள். சாதி, சீதனம், தொழில், வெளிநாட்டுக் குடியுரிமை, செவ்வாய் தோஷம் ஆகியவற்றையும் அதே வரியில் பதிந்துகொண்டால், நிறம் எவற்றோடு சேர்ந்து பேசப்படுகிறது, எது இருக்கும்போது அது பேசப்படாமல் விடப்படுகிறது என்பது தெரியவரும். இந்த ஆய்வின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. 'நல்ல நிறம்', 'சிவந்த நிறம்', 'பொதுநிறம்', 'மாநிறம்' என்பவற்றை ஒரே கூடையில் போட வேண்டாம். 'அழகிய' என்பதை நிறமாகக் கொள்ளவும் வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியே வகைப்படுத்திய பின், அவர்களுக்கிடையிலான உடன்பாட்டைக் கோஹன் 1960இல் வகுத்த கப்பா அளவையால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து உடன்பாட்டைக் காட்டும் எண்) கணித்துக் காட்டினால் மேற்பார்வையாளரின் கேள்விகளில் பாதி குறையும்.

நேர்காணல் இதைவிடக் கடினமானது. "நீங்கள் நிறம் பார்ப்பீர்களா?" என்று கேட்டால், கொட்டாஞ்சேனையானாலும் பம்பலப்பிட்டியானாலும் "சீச்சீ, குணம்தான் முக்கியம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். பொய் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. சொல்லத் தகுந்தது எது என்று அவர் கருதுவதை அது காட்டுகிறது. நிறத்தைக் கேட்காமல் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்: பிள்ளை பிறந்த அன்று வந்தவர்கள் முதலில் என்ன சொன்னார்கள், கர்ப்ப காலத்தில் குங்குமப்பூ குடிக்கச் சொன்னவர் யார், கல்யாணப் படத்தை ஸ்டூடியோக்காரர் எப்படித் திருத்தித் தந்தார், பெண்பார்க்க வந்தவர்கள் மறுத்தபோது சொன்ன காரணம் என்ன என்று கேட்டால் அம்மம்மாமார் தாமாகவே விரிவாகப் பேசுவார்கள். "கறுப்பெண்டாலும் களையான பிள்ளை" என்று ஒருவர் சொன்னால், எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பாராட்டுக்குள் இருக்கும் அந்தச் சலுகைத் தொனிதான் உங்கள் தரவு. நேர்காண்பவரின் நிறமும் பதில்களை மாற்றக்கூடும் என்பதால், குழுவில் யார் யாரை நேர்கண்டார் என்பதைக் குறித்து வையுங்கள்.

வினாக்கொத்து பயன்படுத்துவோருக்கு ஓர் உத்தி உண்டு. ஒருவரின் வயது, படிப்பு, தொழில், குடும்பம் ஆகியவற்றை ஒரு சிறு பந்தியில் எழுதி, நிறத்தைக் குறிக்கும் சொல்லை மட்டும் மாற்றி இரண்டு வடிவங்கள் தயாரித்து, ஒருவருக்கு ஒரு வடிவத்தை மட்டும் குலுக்கல் முறையில் கொடுத்து மதிப்பிடச் சொல்லலாம். நிறத்தை அளக்கவும் வேண்டுமெனில், 2022இல் கூகுள் வெளியிட்ட வெளிர்நிறம் முதல் கருநிறம் வரை பத்துப் படிகள் கொண்ட மங்க் அளவுகோல் பொருத்தமானது. பலர் எடுத்தாளும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு 1975இல் தோல் மருத்துவத்துக்காக, வெயிலில் தோல் கருகுமா கறுக்குமா என்பதை அறிய உருவானது. சமூக ஆய்வுக்காக அன்று.

கொழும்பில் தமிழ் பேசுவோர் அனைவரும் ஒரே குழுவினர் அல்லர். வடக்கு, கிழக்கிலிருந்து வந்தோர், மலையகத்தினர், முஸ்லிம்கள், தலைமுறைகளாக இந்நகரிலேயே வாழ்வோர் ஆகியோரைக் கலந்து சராசரி எடுத்தால் எதுவும் புலப்படாது. ஒரு தரப்பை மட்டும் எடுத்து, அதைத் தலைப்பிலேயே சொல்வது நேர்மையானது.

காரணம் கூறும் அத்தியாயத்தில் இரண்டு அவசர முடிவுகள் காத்திருக்கின்றன. எல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சியால் வந்தது என்பது ஒன்று. ஆதித் தமிழர் கறுப்பை மட்டுமே போற்றினர் என்பது மற்றொன்று. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி தன் மாமை நிற (மாந்தளிர் போன்ற கருமை நிற) அழகைப் பசலை, அதாவது பிரிவால் வரும் வெளிறல், உண்பதாக வருந்துகிறாள் என்பது உண்மையே. ஆனால் ஒரு பாடலைக் கொண்டு ஒரு காலத்து மக்களின் மனப்பாங்கை நிறுவ முடியாது. வயலில் நிற்பவருக்கும் நிழலில் இருப்பவருக்கும் இடையிலான வேறுபாடு, சாதி, குடியேற்ற ஆட்சி, விளம்பரச் சந்தை ஆகிய நான்கையும் தனித்தனியே எடைபோட வேண்டும். சந்தைக்குத் தெளிவான தேதிகள் உண்டு: ஃபெயார் அன்ட் லவ்லி கிறீம் 1975இல் இந்தியாவில் அறிமுகமாகி, 2020இல் க்ளோ அன்ட் லவ்லி எனப் பெயர் மாறியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த விளம்பரங்களின் கதையமைப்பு மாறியதா என்று பார்ப்பதே தனியொரு செயற்றிட்டமாகும்.

1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கிளார்க் தம்பதியினர் கறுப்பினச் சிறுவர்களிடம் வெள்ளை, கறுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டி, எது நல்லது என்று கேட்டு நடத்திய சோதனை, 1954இல் இன அடிப்படையிலான பாடசாலைப் பிரிவினைக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சான்றாகச் சுட்டப்பட்டது. அதை முன்பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்க்க வேண்டாம். அன்றே சில சிறுவர்கள் அழுதார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் பேசுவதானால் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி பெற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள். விளம்பரங்களிலுள்ள தொலைபேசி இலக்கங்களைப் படியெடுக்காதீர்கள்.

பன்னிரண்டு பேரை நேர்கண்டுவிட்டு நூற்றுவீதம் எழுத வேண்டாம். 'ஏழு பேர்' என்றே எழுதுங்கள். அறிக்கை ஆங்கில மொழிமூலம் ஆனாலும் மேற்கோள்களின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள். சம்மதப் படிவத்தில் குறித்த திகதியில் ஒலிப்பதிவுகளை அழிக்கும்போது, கைபேசியில் மட்டுமன்றி, குழுவினர் பகிர்ந்துகொண்ட வட்ஸ்அப்பிலும் அவை எஞ்சியுள்ளனவா என்று பாருங்கள்.