ஏஐ காலத்துல சாஃப்ட்வேர் வேலைல ஸ்பெஷலிஸ்ட் (ஒரே விஷயத்துல ஆழம்) ஆகுறதா ஜெனரலிஸ்ட் (பல விஷயத்துல அகலம்) ஆகுறதா, எப்படி முடிவு பண்றது?

ரெண்டுல எது சேஃப்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. போன மாசம் நீங்க முடிச்ச டிக்கெட் (உங்களுக்கு குடுத்த வேலை) எல்லாத்தையும் ஓப்பன் பண்ணி, இத ஏஐகிட்ட நாலு வரில சொல்லியிருந்தா முடிச்சு குடுத்துருக்குமான்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுதுங்க. ஃபார்ம், சாதாரண ஏபிஐ (ரெண்டு ப்ரோக்ராம் பேசிக்கிற வழி), யூனிட் டெஸ்ட் (கோடோட சின்ன சின்ன பகுதிய சோதிக்கிறது), ஒரு லாங்வேஜ்ல இருக்கற கோட இன்னொண்ணுக்கு மாத்துறது எல்லாம் முடிச்சிருக்கும். மிச்சம் நிக்குது பாருங்க, நீங்க ஆழமா போக வேண்டிய எடம் அங்கதான் இருக்கு.

ஆழம்னா டூல்ல ஆழம் இல்லைங்க, இத பலர் கோட்டை விடுறாங்க. பிரவுசர்ல அனிமேஷன், கேம் ஓட்டுன ஃபிளாஷ் 2020 கடைசியோட போச்சு, வெப்சைட் கட்டுற டூலான ஆங்குலர்ஜேஎஸ் சப்போர்ட் 2021 கடைசியோட முடிஞ்சுது, ஆனா 1970ல எட்கர் காட்ங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதுன பேப்பர்லேர்ந்து வந்த ரிலேஷனல் டேட்டாபேஸ் (தகவல டேபிளா வெக்கிற முறை) இன்னிக்கும் ஓடுது. டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், செக்யூரிட்டி, இல்ல பேங்கிங் மாதிரி ஒரு துறையோட விதிமுறை, இதுல ஒண்ண புடிங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல ஒரு க்வெரி (தகவல் கேக்குற கட்டளை) ஸ்லோ, ஏஐகிட்ட கேட்டா இண்டெக்ஸ் (புத்தகத்துல இருக்கற மாதிரி, சீக்கிரம் தேட உதவுற அட்டவணை) போடுன்னு சொல்லி கமாண்டும் குடுக்கும், சரியான பதில்தான். ஆனா பெரிய டேபிள்ல, ட்ராஃபிக் ஓடிட்டு இருக்கும்போது வெறும் கிரியேட் இண்டெக்ஸ் அடிச்சா அது முடியற வரைக்கும் அந்த டேபிள்ல யாரும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும், ஆர்டர் எல்லாம் அப்படியே நின்னுடும். எழுதுறத நிறுத்தாம இண்டெக்ஸ் போட அந்த கமாண்டுல கன்கரண்ட்லிங்கிற வார்த்தைய சேர்த்து போடணும், அத ட்ரான்சாக்ஷனுக்குள்ள (பல கட்டளைய ஒரே மொத்தமா ஓட்டுறது) ஓட்ட முடியாது, பாதில ஃபெயில் ஆனா இன்வேலிட் (பயன்படாத) இண்டெக்ஸ் ஒண்ணு தங்கிடும், அத ட்ராப் பண்ணிட்டு மறுபடி போடணும். இதெல்லாம் ஏஐக்கும் தெரியும், கேட்டா சொல்லும், ஆனா கேக்கணும்னு தோணறதுக்கு உங்களுக்கு அந்த ஆழம் வேணும்.

அகலம் எவ்ளோ வேணும்னா, நீங்க வேலை செய்யுற லேயருக்கு (அடுக்குக்கு) மேல ஒண்ணு கீழ ஒண்ணு போதும். டேட்டாபேஸ் ஆளுன்னா மேல ஆப் கோட் எப்படி கனெக்ஷன் எடுக்குது, கீழ டிஸ்க்கும் மெமரியும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா போதும். அதுக்கு மேல தேவைப்படுறப்ப ஏஐய வெச்சே கத்துக்கலாம், அதுல அது நிஜமாவே நல்லா உதவுது.

புதுசா வேலைக்கு சேர்ந்தவங்க மட்டும் அவசரப்பட்டு ஒண்ண புடிக்காதீங்க. முதல் ரெண்டு வருஷம் எல்லாத்தையும் தொட்டு பாருங்க, ப்ரொடக்ஷன்ல (யூசர்ஸ் நிஜமா பயன்படுத்துற சிஸ்டத்துல) பிரச்சனைன்னா கூப்பிடலன்னாலும் போய் உக்காந்து லாக் (சிஸ்டம் எழுதி வெக்கிற பதிவு) படிங்க, எந்த மாதிரி பிரச்சனைல நேரம் போறதே தெரியலயோ அத குறிச்சு வெச்சுக்கோங்க.