கொலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

"இந்த வருடம் கொலைகள் இத்தனை" என்று யாராவது ஒரு எண்ணை நீட்டினால், கூடியதா குறைந்ததா என்று கேட்பதற்கு முன்னால், அதில் எதையெல்லாம் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வன்முறைச் சாவு என்றதும் நமக்குக் கொலைதான் நினைவுக்கு வரும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட அறிக்கை, தற்கொலையையும் போரில் செத்தவர்களையும் சேர்த்தே எண்ணியது. 2000-ஆம் ஆண்டில் அப்படி இறந்த சுமார் 16 லட்சம் பேரில் ஏறக்குறைய பாதி தற்கொலை. ஆக, ஒரு நாட்டின் வன்முறைத் தடுப்புத் திட்டம் போலீஸ், சிறை என்று மட்டுமே பேசினால் தற்கொலைச் சாவுகளை அது தொடவே இல்லை.

அடுத்தது ஆண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் 2002-03-இல் கொலைகள் திடீரென எகிறியிருக்கும். நோயாளிகளைக் கொன்ற டாக்டர் ஹரால்ட் ஷிப்மனின் 172 கொலைகள் அந்த ஒரே வருடத்தில் பதிவானதுதான் காரணம். கொலைகள் நடந்ததோ பல வருடங்களுக்கு முன்பு! போலீஸ் பதிவு செய்த தேதியா, இறந்த தேதியா என்று அடிக்குறிப்பில் இருக்கும், தேடிப் படியுங்கள். அப்புறம், மொத்த எண்ணை விட்டுவிட்டு லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். சின்ன ஊர் என்றால் அதுவும் ஏமாற்றும், நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி.

இனிதான் முக்கியமான இடம்: யார், யாரால், எங்கே. ஐ.நா. கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்கச் சுமார் 4,58,000 கொலைகள், செத்தவர்களில் 81 சதவீதம் ஆண்கள். இதை மட்டும் படித்தால் இது தெருச்சண்டை விவகாரம் என்று தோன்றும். ஆனால் கொல்லப்பட்ட பெண்களைத் தனியாகப் பிரித்தால், 56 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோ குடும்பத்தாரோதான். ஆண்களில் இது 11 சதவீதம். ரோந்தும் தெருவிளக்கும் வீட்டுக்குள் சாகிறவளைக் காப்பாற்றாது.

இவ்வளவும் தெரிய வேண்டுமென்றால் தகவல் ஒரே இடத்துக்கு வர வேண்டும். சந்தேக நபர் யாரென்று போலீஸுக்குத் தெரியும், காயம் எப்படிப்பட்டது என்று பிரேதப் பரிசோதனை செய்தவருக்குத் தெரியும், வயதும் தொழிலும் இறப்புச் சான்றிதழில் இருக்கும். அமெரிக்காவில் இந்த மூன்றையும் கோக்கும் தேசியப் பதிவு 2002-இல் 6 மாநிலங்களில் ஆரம்பித்தது, எல்லா மாநிலங்களுக்கும் போய்ச் சேர 2018 ஆனது.

சாகாமல் தப்பியவர்களையும் விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் உள்ள கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், அடிபட்டு வருகிறவர்களில் பலரைப் பற்றிப் போலீஸுக்கே தெரியவில்லை என்று கவனித்தார். அவர் கொண்டுவந்த முறைப்படி, அவசர சிகிச்சைப் பிரிவில் பெயர் பதிகிற ஊழியரே எந்த இடம், எத்தனை மணி, என்ன ஆயுதம் என்று கேட்டுக் குறிப்பார். ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டு அது போலீஸுக்கும் நகராட்சிக்கும் போகும். எந்த மதுக்கடை வாசலில், எந்த நேரத்தில் போலீஸ் நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது. வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இதே போன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட 42 சதவீதம் குறைந்தார்கள் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. "மற்ற நகரங்களோடு ஒப்பிட" என்ற அந்தத் துண்டு இல்லாமல் எந்த அரசாவது "எங்கள் திட்டத்தால் குறைந்தது" என்று சொன்னால், திட்டம் இல்லாத இடத்திலும் அதே காலத்தில் குறைந்ததா என்று கேளுங்கள்.