சொட்டு மருந்துக்காகப் பாலை நிறுத்தாதீர்கள்

போன புதன்கிழமை கடலூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில், பால்வாடியில் தடுப்பூசி போடும் நாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் செவிலியர் ஒருவரோடு நானும் போயிருந்தேன். பதிவு, குளிர்பெட்டி, கை சுத்தம் எல்லாமே சரியாகச் செய்தார். ஒன்றரை மாதக் குழந்தை ஒன்று பசியில் அம்மாவின் மார்பைத் தேடி முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "சொட்டு மருந்து இருக்கும்மா, அரை மணி நேரம் பால் குடுக்காதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நர்சாக நானும் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

மருந்தின் அளவு, சிரிஞ்சு, குளிர்ச்சி பற்றியெல்லாம் புதுச் செவிலியர்களுக்குப் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். குழந்தையின் வலி நம்மால் கூடிப்போகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாலை நிறுத்துவது

2011 டிசம்பரில்தான் தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் ஊசி வந்தது. முத்தடுப்பு ஊசியும் மஞ்சள் காமாலை ஊசியும் தனித்தனியாகக் குத்தியது போய், ஒரே குத்தலில் ஐந்து நோய்க்குப் பாதுகாப்பு. அதே மாதக் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து ஓர் அம்மா கைக்குழந்தையோடு நடந்தே வந்தார். கூட்டம் அதிகம், காத்திருந்தார். சொட்டு மருந்தைக் காரணம் காட்டிப் பால் கொடுக்க விடாமல் தடுத்தேன். ஊசியை எடுப்பதற்கு முன்பே குழந்தை பசியில் கதறியது. மேசையில் படுக்க வைத்துக் காலைப் பிடித்தோம். தொடை கட்டையாக இறுகிவிட்டது. இறுகிய தசையில் குத்தினால் வலி இன்னும் கூடும். அழுது அழுது மூச்சைப் பிடித்துக்கொண்டு உதடு நீலமாகி, அப்புறம்தான் அடுத்த மூச்சு வந்தது.

அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. மூன்று முறை வீட்டுக்குப் போனேன். குழந்தையின் ஆயாதான் (பாட்டி) பதில் சொன்னார்: "ஊசி வேணாம்னு சொல்லல நர்சம்மா. புள்ளைய அப்படிக் கதற வுட்டுப் பாத்துக்கிட்டு நிக்க எங்களால முடியாது." மறுபடி அழைத்து வர நான்கு மாதம் ஆனது. அந்த ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்றான கக்குவான் இருமல் மிக ஆபத்தாகத் தாக்குவது அந்த வயதில்தான். அத்தனை நாளும் அந்தக் குழந்தை போதிய பாதுகாப்பில்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் நான்.

போலியோ சொட்டுக்கும் சரி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டுக்கும் சரி, முன்னாலும் பின்னாலும் தாய்ப்பால் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கவனிக்கச் சொல்கிறார்களே, அந்த அரை மணியும் இந்த அரை மணியும் எங்கோ கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலியைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. ஊசி போடும்போதோ சற்று முன்னாலோ தாய்ப்பால் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் இந்தத் தடை வாய்மொழியாகவே அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். முதலில் சொட்டு மருந்து. அப்புறம் அம்மா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கட்டும். ஓர் ஐந்து நிமிடம் பொறுங்கள். குழந்தை வாய் நிறையப் பிடித்து, விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். இடது மார்பில் குடிக்கும்போது குழந்தையின் இடது தொடை மேல்பக்கம் இருக்கும். பென்டாவேலன்ட் போட வேண்டியதும் அந்தத் தொடையில்தான். வலது மார்புக்கு மாற்றினால் நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசிக்கு வலது தொடையும், போலியோ ஊசிக்கு வலது கையும் வாகாக வரும். ஒவ்வொரு குத்தலுக்கும் குழந்தை வாயை விட்டு ஓர் அழுகை அழும். மார்பிலிருந்து எடுக்காதீர்கள், திரும்பப் பிடித்துக்கொள்ளும். புரையேறிவிடுமோ, பாலையே வெறுத்துவிடுமோ என்று அம்மாக்கள் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டையும் நான் பார்த்ததில்லை.

அம்மாக்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், அந்த இடத்தில் மறைப்பு இல்லாதது. ஜன்னல் கம்பிக்கும் பீரோவுக்கும் குறுக்கே ஒரு பழைய புடவையைக் கட்டினால் போதும். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்.

மேசையில் கிடத்திப் பிடிப்பது

வேண்டாம். பால் கொடுக்க முடியாதவர்களும் மடியில் அணைத்து வைத்துக்கொள்ளலாம். அப்பா மடியும் மடிதான்.

ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது

தொடையின் முன்வெளிப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் கிடையாது. பிஸ்டனை இழுத்துப் பார்க்கும் நேரமெல்லாம் ஊசி உள்ளே அசைந்து வலி கூடும்.

அதிகம் வலிக்கும் ஊசியை முதலில் போடுவது

அது கடைசியில்.

தேன் தொட்டு வைப்பது

ஆயாக்கள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால் குழந்தையின் தசைகள் செயலிழக்கும். கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தேய்த்து விடுவது

தேய்க்கவும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். வீங்கினால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம்.

காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது

இது பெற்றோருக்கு: பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வந்தால் குத்தும் வலி குறையாது. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், எடைக்கு ஏற்ப நாங்கள் சொல்லும் அளவில் கொடுங்கள். பாட்டிலைப் படித்துப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து உள்ளது. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பைவிட அது நான்கு மடங்கு அடர்த்தி. சிரப்புக்குச் சொன்ன அளவை டிராப்ஸில் ஊற்றிக் கொடுத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் குழந்தை சிணுங்குவது வழக்கம்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் வீறிட்டு அழுதாலோ, துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.