பாக்டீரியாவுக்கு முள் கிடையாது, ஓடு உண்டு

மண்டபம் ஊரில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுக்கிறேன். பாக்டீரியாவின் செல் சட்டகம், அதாவது செல்லுக்குள் இழையாகத் திரளும் புரதங்களின் கட்டமைப்பு, பற்றி ஒரு கேள்வி கொடுத்தால் போதும், சிவப்பு மை தீர்ந்துவிடும். வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை.

"பாக்டீரியாவுக்குச் செல் சட்டகமே கிடையாது" என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அது பழைய காலத்துப் பாடம். செல் இரண்டாகப் பிரியும் இடத்தில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் வளையம் கட்டுவதை 1991-இல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹாஸ் இருவரும் ஈ.கோலை என்ற கோல் வடிவக் குடல் பாக்டீரியாவில் காட்டிவிட்டார்கள். எம்ஆர்இ-பி என்ற இன்னொரு புரதம் இழையாகத் திரள்வது 2001-இல் தெரிந்தது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பெரிய சிக்கல் 'சட்டகம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பாம்பன் மாணவன் ஒருவன் எழுதினான்: "படகுக்கு உள்ளே வைக்கும் வங்கு போல, எம்ஆர்இ-பி உள்ளிருந்து செல்லைத் தாங்குகிறது." அழகான உவமை, ஆனால் தவறு. அவனிடம் மீனையும் நண்டையும் நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மீனுக்கு உள்ளே முள், நண்டுக்கு வெளியே ஓடு. சதையைத் தின்று முடித்த பிறகும் தட்டில் நண்டின் வடிவம் அப்படியே கிடக்கும். பாக்டீரியாவும் அப்படித்தான். உள்ளே இருப்பதையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, செல்லைச் சுற்றியுள்ள பெப்டிடோகிளைக்கான் சுவரை மட்டும் பிரித்தெடுத்தால், அந்த வெற்றுச் சுவர் கோல் வடிவிலேயே நிற்கும். மாறாக, வெடித்துவிடாதபடி சர்க்கரைக் கரைசலில் வைத்து லைசோசைம் என்ற நொதியால் சுவரைக் கரைத்தால், எம்ஆர்இ-பி உள்ளே இருந்தும் செல் உருண்டையாகிவிடும்.

அப்படியானால் எம்ஆர்இ-பிக்கு என்ன வேலை? நண்டு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது கட்டிக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை; ஓடு ஒரு கணம் இல்லாவிட்டாலும் உள்ளழுத்தம் செல்லை உடைத்துவிடும். ஆகவே ஓடு இருக்கும்போதே அதில் அங்கங்கே துண்டு சேர்த்து நீள வேண்டும். எங்கே சேர்ப்பது, எந்தத் திசையில் சேர்ப்பது என்று சுவர் கட்டும் நொதிகளுக்கு இடம் காட்டுவதுதான் எம்ஆர்இ-பி. தூண் இல்லை, மேஸ்திரி. ஏ22 என்ற மருந்தால் அதை முடக்கினால் கோல் உருண்டையாகும், உண்மைதான். ஆனால் உடனே ஆகாது. வளர்ந்து, பிரிந்து, மறுபடி வளர்ந்து, மெல்ல மெல்ல உருளும். தூணை உருவினால் கூரை அன்றைக்கே விழும். மேஸ்திரியை அனுப்பிவிட்டால் இனி எழும்பும் சுவர்தான் கோணலாகும். இந்த வேறுபாட்டை எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து, செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எம்ஆர்இ-பியைச் சுருள் கம்பியாக வரைவது அடுத்த பிழை. முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வுகள், எம்ஆர்இ-பி சிறு சிறு திட்டுகளாகச் செல்லின் குறுக்குச் சுற்றளவில் நகர்வதைக் காட்டின. சுவர் கட்டும் வேலையே அவற்றை நகர்த்துகிறது. சுருளை விட்டுவிட்டுத் திட்டுகளை வரையுங்கள்.

எஃப்டிஎஸ்-இசட் வளையம் இசட் எழுத்தின் வடிவில் இருக்காது. அது மரபணுவின் பெயரில் வரும் எழுத்து, அவ்வளவுதான். "சுருக்குமடி வலை போல இழுத்து மூடும்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். தமிழகக் கடலில் தடை செய்த வலை, விடைத்தாளிலும் வேண்டாமே! நடுவில் குறுக்குச் சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்று வழிகாட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. அப்புறம், டியூபுலின், ஆக்டின் இரண்டும் நம் செல்களில் சட்டகம் கட்டும் புரதங்கள். எஃப்டிஎஸ்-இசட் டியூபுலினின் உறவு, எம்ஆர்இ-பி ஆக்டினின் உறவு. புரதம் மடிந்திருக்கும் வடிவம் ஒத்துப்போகும், அமினோ அமில வரிசை அவ்வளவாக ஒத்துப்போகாது. "பாக்டீரியாவில் ஆக்டின் உள்ளது" என்று எழுதினால் பெரியப்பா மகனைத் தம்பி என்று சொல்லாமல் நானே என்று சொல்வது போல.

நம் கரைக்கு நெருக்கமான பிழை ஒன்று உண்டு. இறால் பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விப்ரியோ என்ற வளைந்த பாக்டீரியாவின் பெயர் புதிதில்லை; சோதனைத் தட்டில் பச்சைக் காலனி எத்தனை, மஞ்சள் எத்தனை என்று வீட்டிலேயே பேசுவார்கள். வளைந்த பாக்டீரியா என்றதும் "கிரெசென்டின்" என்று எழுதிவிடுகிறார்கள். கிரெசென்டின் 2003-இல் காலோபாக்டர் கிரெசென்டஸ் என்ற வேறொரு வளைந்த பாக்டீரியாவில் கண்டறியப்பட்ட புரதம். காலரா விப்ரியோவை வளைப்பது வேறொரு புரதம், சிஆர்வி-ஏ. அது சைட்டோபிளாசத்தில்கூட இல்லை, உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்தில் இருக்கிறது. ஆனால் உத்தி ஒன்றுதான்: ஒரு பக்கச் சுவர் மெதுவாக வளர்கிறது, மறுபக்கம் வேகமாக. ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் படகு வளைந்து போகிறதல்லவா, அதுபோல.

கடைசியாக ஒன்று. கோல் வடிவம் என்றாலே எம்ஆர்இ-பி என்று முடிவு கட்டாதீர்கள். காசநோய்க் கிருமி கோல்தான், அதனிடம் எம்ஆர்இ-பி இல்லை. அது இரு முனைகளில் வளர்கிறது. அங்கே மேஸ்திரி வேறு ஆள்.