இன்னொரு பாம்பு வாங்கும் முன்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சாரை தென்பட்டால் பார்த்து ரசிப்பதோடு சரி. நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) வாங்குவதானால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். ரசீது, பதிவுத் தாள் இல்லாதவரிடம் பேரம் பேசவே வேண்டாம். விற்பவர் முன்னிலையில் ஒருமுறை இரை கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பால் பைத்தான் பட்டினி கிடப்பதில் மகா பிடிவாதக்காரன், அப்புறம் மாதக்கணக்கில் தலைவலி நமக்குத்தான். கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அது ஒட்டுண்ணி. அதுவோ, வாயைத் திறந்தபடி மூச்சு விடுவதோ தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கி வந்ததும் குறைந்தது 2 மாதம் வேறு அறையில், தனிப் பெட்டி. பழைய பாம்புக்குத் துணை ஒன்றும் தேவையில்லை.